சொந்தக்காரருக்கு ஜாமீன் கையெழுத்து: ‘மாட்டேன்’ என்பதை எப்படிச் சொல்வது?

‘எல்லை வகுத்துக்கொள்ளுங்கள்’ என்ற அறிவுரை இப்போது எங்கும் கேட்கிறது. மனநல ஆலோசகர்களின் ரீல்ஸ், வார இதழ்க் கேள்வி பதில், அலுவலகப் பயிற்சி வகுப்பு என்று எங்கே திரும்பினாலும் அதுதான். கேட்பவருக்கு மிஞ்சுவது பெரும்பாலும் குழப்பம். பெற்ற தாயிடம் முகத்துக்கு நேரே மறுத்துப் பேசுவதா எல்லை? பிடிக்காத உறவினரின் எண்ணை பிளாக் செய்வதா? மனைவி யாரிடம் பேசலாம், யாரிடம் பேசக்கூடாது என்று நிபந்தனை போடும் கணவனும் அதை ‘என் எல்லை’ என்றுதானே சொல்கிறான்?

பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் இது தெளியாது. அதனால் ஒரே ஒரு வேண்டுகோளை எடுத்துக்கொள்வோம்: சொந்தக்காரர் கேட்கும் ஜாமீன் கையெழுத்து. சூரிட்டி என்றும் சொல்வார்கள். தமிழ்நாட்டில் மாதச் சம்பளக்காரர்களை, அதிலும் அரசு வேலையில் இருப்பவர்களை, இது தேடி வரும். பணம், பாசம், நன்றி, மானம் எல்லாம் ஒரே தாளில் வந்து நிற்பதால், எல்லை என்ற கருத்தைப் பரிசோதிக்க இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

1. எல்லை என்றால் என்ன?

குடும்பம் பற்றிய உளவியலில் இந்தக் கருத்தை நிலைநிறுத்தியவர்களில் முக்கியமானவர் சால்வடோர் மினுசின். 1921-ல் அர்ஜென்டினாவில் பிறந்து, அமெரிக்காவில் குடும்ப சிகிச்சை முறையை வளர்த்தெடுத்த மனநல மருத்துவர். ஒரு வீட்டில் எந்த விஷயத்தில் யார் தலையிடலாம், எப்படித் தலையிடலாம் என்பதற்கு எழுதப்படாத விதிகள் இருக்கும். அவற்றையே அவர் எல்லை என்றார். அவை மூன்று விதமாக இருக்கலாம்.

1. இறுகிய எல்லை. அண்ணனுக்கு வேலை போய் ஆறு மாதம் ஆகியிருக்கும். தம்பிக்கு அடுத்த வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும்.
2. மங்கிய எல்லை. மகளுக்கும் மருமகனுக்கும் நடந்த சண்டை இரவு பத்து மணிக்குள் மூன்று ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். ஒருவர் சம்பளத்தில் இன்னொருவர் திட்டம் போட்டிருப்பார்.
3. தெளிவான எல்லை. ஒட்டும் உறவும் இருக்கும்; எது யாருடைய முடிவு என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

ரீல்ஸ்களில் விட்டுப்போகும் ஒரு விஷயம் உண்டு. பின்னிப் பிணைந்து வாழ்வதே கோளாறு என்று மினுசின் சொல்லவில்லை. அது ஒரு குடும்பம் பழகும் விதம். ஓரத்துக்குப் போகும்போதுதான் சிக்கல் என்றார். ஆகவே மாமியாரோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கெல்லாம் ‘எல்லை இல்லை’ என்று தீர்ப்பு எழுத வேண்டியதில்லை.

அடுத்த குழப்பம், எல்லைக்கும் கட்டுப்பாட்டுக்கும் உள்ள வேறுபாடு. 2023 ஜூலையில் இது உலகச் செய்தியாகவே ஆனது. ஹாலிவுட் நடிகர் ஒருவர் அனுப்பியவை என்று அவருடைய முன்னாள் காதலி சில குறுஞ்செய்திகளை வெளியிட்டார். அந்தப் பெண் அலைச்சறுக்கு விளையாட்டுக்காரர். ஆண்களோடு அலைச்சறுக்கு போகக்கூடாது, நீச்சலுடைப் படங்களைப் பதிவிடக்கூடாது என்பது போன்ற நிபந்தனைகளை அடுக்கி, ‘காதல் உறவில் இவை என் எல்லைகள்’ என்று அந்தச் செய்திகளில் இருந்தது. இது எல்லையா, அடக்குமுறையா என்று வாரக்கணக்கில் விவாதம் நடந்தது.

அப்போது பலரும் சொன்ன சுலபமான சோதனை இது: ‘நீ இதைச் செய்யாதே’ என்றால் கட்டுப்பாடு, ‘நான் இதைச் செய்ய மாட்டேன்’ என்றால் எல்லை. பாதி சரி. ஆனால் எந்தக் கட்டளையையும் இந்த வடிவத்துக்குள் திணித்துவிடலாம். ‘நீ வேலைக்குப் போனால் நான் உன்னோடு வாழ மாட்டேன்’ என்பதும் ‘நான்... மாட்டேன்’ என்றுதான் முடிகிறது. பேச்சின் வடிவத்தை விட்டுவிட்டு, பேசப்படும் பொருள் யாருடையது என்று பார்ப்பதே நம்பகமான வழி. என் உடல், என் நேரம், என் சம்பளம், என் வீட்டுக் கதவு, என் கையெழுத்து — இவற்றை என்ன செய்வேன் என்று அறிவித்தால் அது எல்லை. அடுத்தவருடைய உடையும் வேலையும் நட்பும் என் எல்லைக்குள் வராது, எவ்வளவு மென்மையாகச் சொன்னாலும்.

ஜாமீன் கையெழுத்து இந்தச் சோதனையில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் தேறிவிடுகிறது. மாமா ஒருவர் கடனில் லாரி வாங்க நம்மிடம் ஜாமீன் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் லாரி வாங்குவதை நாம் தடுக்கவில்லை. அவருடைய கடனுக்கு நம் பெயரைத் தருவதா இல்லையா என்பது மட்டுமே கேள்வி.

2. ‘ஒரு கையெழுத்துதானே’: சட்டம் என்ன சொல்கிறது?

எதை மறுக்கிறோம் என்று தெரிந்தால்தான் உறுதியாக மறுக்க முடியும். கேட்பவருக்கே பல நேரம் இது தெரியாது.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். நாமக்கல் பக்கம் ஓர் அரசுப் பள்ளி ஆசிரியர். அவர் மாமா என்று அழைக்கும் அக்கா கணவர் பழைய லாரி ஒன்றை 12 லட்சம் ரூபாய்க் கடனில் எடுக்கப் போகிறார். வட்டி 14 சதவீதம், நான்கு வருடத் தவணை. மாதம் சுமார் 32,800 ரூபாய் கட்ட வேண்டும். ஃபைனான்ஸ் கம்பெனி, சம்பளச் சான்றோடு ஒரு ஜாமீன்தாரர் வேண்டும் என்கிறது.

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, இந்தக் கையெழுத்தை இப்படிப் பார்க்கிறது:

1. பிரிவு 126-ன்படி, கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன் என்று மூன்றாவது ஆள் தரும் ஒப்பந்தமே ஜாமீன். வாங்கியவரின் நல்ல குணத்துக்குத் தரும் சான்றிதழ் என்று நினைத்துப் பலர் போடுகிறார்கள். சட்டத்துக்கு அவருடைய குணம் ஒரு பொருட்டே இல்லை.
2. ‘எனக்கு இதில் ஒரு பைசா வரவில்லையே’ என்று பின்னால் வாதாட முடியாது. கடன் வாங்கியவருக்குக் கிடைத்த பலனே போதும் என்கிறது பிரிவு 127.
3. பிரிவு 128-தான் கனமானது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம். அசல், வட்டி, அபராத வட்டி, செலவு எல்லாம் சேர்த்து.
4. ‘முதலில் அவரிடம் வசூலித்துப் பாருங்கள், வராவிட்டால் என்னிடம் வாருங்கள்’ என்றும் சொல்ல முடியாது. பேங்க் ஆஃப் பீகார் எதிர் தாமோதர் பிரசாத் வழக்கில் 1960-களின் இறுதியிலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவிட்டது. கடன் கொடுத்தவர் யாரிடம் வசூலிப்பது எளிதோ அவரிடம் முதலில் போகலாம். மாதச் சம்பளக்காரர்தான் எளிது. அதற்காகத்தானே அவருடைய கையெழுத்தைக் கேட்டார்கள்!
5. கூடவே வெற்றுக் காசோலையும் வாங்கிவைத்திருந்தால், ஆபத்து இன்னொரு பக்கமும் திறக்கிறது. ஜாமீன்தாரர் கொடுத்த காசோலை பணமில்லாமல் திரும்பினாலும் செலாவணி முறிச் சட்டம் பிரிவு 138 பாயும் என்று 2002-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தப் பிரிவில் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது காசோலைத் தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும்.

இதோடு, நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையும் உண்டு. ஜாமீன் போட்ட கடன் நம் அறிக்கையிலும் ஏறும். மாமா தவணை தவறினால் நம் மதிப்பெண் சரியும். நாளை சொந்த வீட்டுக்கு வங்கிப் படி ஏறும்போது இந்த 12 லட்சத்தையும் சேர்த்துத்தான் எடை போடுவார்கள்.

ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். ‘சாட்சிக் கையெழுத்து’ வேறு, ‘ஜாமீன் கையெழுத்து’ வேறு, ‘சக விண்ணப்பதாரர்’ வேறு. சாட்சி, கையெழுத்துப் போட்டதைப் பார்த்தவர் மட்டுமே, கடனுக்குப் பொறுப்பில்லை. சக விண்ணப்பதாரர் கடனை வாங்கியவரில் ஒருவரே. வீட்டுக்கு வரும் ஏஜென்ட், பென்சிலில் பெருக்கல் குறி போட்ட இடங்களைக் காட்டி, ‘சும்மா சாட்சிக்குத்தான் சார்’ என்பார். அந்தப் பக்கத்தின் தலைப்பைப் படித்துப் பார்த்துவிட்டுப் பேனாவைத் திறப்பது நல்லது.

3. ஒரே கேள்வி, நான்கு பதில்

நேர்படப் பேசுவதைத் தனிப் பயிற்சியாகக் கற்றுத்தரும் வழக்கம் அமெரிக்காவில் தொடங்கியது. 1949-ல் ஆண்ட்ரூ சால்டரும், அடுத்த பத்தாண்டில் ஜோசப் வோல்ப்பும், மனதில் இருப்பதைச் சொல்லத் தயங்குபவர்களுக்கான சிகிச்சையாக இதை முன்வைத்தார்கள். 1970-களில் அது மருத்துவ அறையைத் தாண்டிப் பொதுமக்களுக்கான வகுப்பாகப் பரவியது. அந்த மரபு மனிதர் பேசும் விதத்தை நான்காகப் பிரிக்கிறது. நம் ஆசிரியர் நான்கு விதமாகவும் பதில் சொல்லிப் பார்க்கட்டும்.

பணிந்து போதல்: ‘சரிங்க மாமா, எங்க போடணும்னு சொல்லுங்க.’ அன்று இரவு தூக்கம் வராது. நான்கு வருடத்துக்கு, மாமா வீட்டில் புது டிவி வந்தால்கூட மனசுக்குள் கணக்கு ஓடும்.

பாய்ந்து தாக்குதல்: ‘போன தடவை வாங்கின கடனையே நீங்க ஒழுங்காக் கட்டலை. உங்களுக்கெல்லாம் எவன் ஜாமீன் போடுவான்?’ கையெழுத்து மிஞ்சும். உறவு மிஞ்சாது.

சுற்றி வளைத்தல்: ‘யோசிச்சுச் சொல்றேன் மாமா.’ அப்புறம் போனை எடுக்காமல் இருப்பது, சம்பளச் சான்று கிடைக்கவில்லை என்று இழுப்பது, கடைசியில் மனைவி தலையில் பழியைப் போடுவது. நம் வீடுகளில் அதிகம் புழங்குவது இதுதான். மரியாதையான வழி போலத் தெரிந்தாலும், நான்கில் அதிகச் சேதம் செய்வது இது என்றே சொல்வேன். நாம் ‘யோசிக்கும்’ மூன்று வாரத்தில் மாமா லாரிக்கு அட்வான்ஸ் கொடுத்திருப்பார். முதல் நாளே மறுத்திருந்தால் வருத்தம் மட்டும். இப்போது நஷ்டமும் நம் கணக்கில்.

நேர்படப் பேசுதல்: ‘மாமா, நீங்க சொந்தமா வண்டி எடுக்கறது சந்தோஷமான விஷயம்ங்க. ஆனா ஜாமீன் கையெழுத்து நான் யாருக்கும் போடறதில்லைங்க. வேற எப்படி உதவலாம்னு உக்காந்து பேசலாம்.’

நான்காவது பதிலில் குரலை உயர்த்தவில்லை, குற்றம் சொல்லவில்லை. சந்தேகத்துக்கும் இடம் வைக்கவில்லை.

4. தெரிந்தும் ஏன் வாய் வருவதில்லை?

பதில் இவ்வளவு சுலபம் என்றால் ஊரில் பாதிப் பேர் ஜாமீனில் மாட்டியிருக்க மாட்டார்கள். தடை வேறு இடத்தில் இருக்கிறது.

*முதலாவது, கேள்வி நேராக வருவதில்லை.* மாமா கேட்பது மனைவியிடம். அக்கா சொல்வது அம்மாவிடம். அம்மா, மகன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, ரசம் ஊற்றியபடியே ஆரம்பிப்பார்: ‘உங்க மாமா ஏதோ லாரி எடுக்கறாராம். ஒரு கையெழுத்து வேணுமாம். கூடப் பொறந்தவளுக்கு இதுகூடச் செய்யாம யாருக்குச் செய்யப் போறே?’ இரண்டு பேருக்கு இடையிலான இறுக்கம் தாங்காதபோது மூன்றாவது ஆளை உள்ளே இழுப்பதை முக்கோணம் என்று பெயரிட்டு விளக்கினார் அமெரிக்க மனநல மருத்துவர் மர்ரே போவன். இந்த முக்கோணத்தில் அம்மாவிடம் சொல்லும் எந்தப் பதிலும் மாமாவை அதே வடிவில் போய்ச் சேராது. ‘யோசிக்கறேன்’ என்றால் ‘சரின்னுட்டான்’ என்று போகும். ‘மாட்டேன்’ என்றால் ‘மதிக்க மாட்டேங்கறான்’ என்று போகும்.

*இரண்டாவது, மறுப்பவரின் சங்கடம் கேட்பவருக்குப் புரிவதில்லை.* ஃபிராங்க் ஃபிளின், வனெஸா லேக் இருவரும் 2008-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. முன்பின் தெரியாதவர்களிடம் உதவி கேட்கச் சிலரை அனுப்பினார்கள். கேட்கப் போனவர்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் சம்மதித்தார்கள். நேருக்கு நேர் மறுப்பது எவ்வளவு சங்கடம் என்பதைக் கேட்பவர் குறைத்தே மதிப்பிடுகிறார் என்பது அவர்கள் தந்த விளக்கம். தெருவில் போகும் அந்நியரிடமே இப்படியென்றால், காதுகுத்தில் மடியில் உட்காரவைத்த உறவில் கேட்க வேண்டுமா? ‘வேண்டாம்னா சொல்லிடு மாப்ளே’ என்று மாமா சொல்லும்போது அவர் பொய் சொல்லவில்லை. நமக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று அவருக்கு உண்மையிலேயே தெரியாது.

*மூன்றாவது, நடுவில் அக்கா நிற்கிறார்.* வெளிநாட்டுப் புத்தக அறிவுரை தடுமாறுவது இங்கேதான். அங்கே மறுப்பின் விலையை மறுத்தவரே கொடுக்கிறார். இங்கே அது அக்காவின் அடுப்படியில் வசூலாகலாம். ‘உன் தம்பி செஞ்சது தெரியுமா’ என்று தொடங்கும் பேச்சுகளை அவர்தான் தினமும் கேட்டாக வேண்டும். இந்தப் பயம் கற்பனை இல்லை. ஆகவே எல்லை வகுக்கும்போது ‘எனக்கு என்ன ஆகும்’ என்று மட்டும் பார்த்தால் போதாது. யார் மீது அது இறங்கும் என்பதையும் முன்கூட்டியே கணக்கில் எடுக்க வேண்டும்.

*நான்காவது, பழைய கடன்பாடு.* பி.எட். படிக்கும்போது கட்டணம் கட்டியவர் அதே மாமாவாக இருக்கலாம். நம் சமூகத்தில் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் உறவுதான் காப்பீடு. ‘யாருக்கும் எதுவும் கடன்பட்டதில்லை’ என்று சொல்லிவிட்டு நடப்பது இங்கே பொய்யாகத்தான் இருக்கும். நன்றிக்கடனை ஒப்புக்கொள்ள வேண்டும். அதை எந்த உருவத்தில் தீர்ப்பது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை மட்டும் நம்மிடம் இருக்க வேண்டும்.

5. பேசும் முறை

1. *முதலில் தனியாகத் தீர்மானியுங்கள்.* மனைவியோடு அல்லது கணவரோடு உட்கார்ந்து, எது முடியாது, எது முடியும் என்று இரண்டையும் முடிவு செய்யுங்கள். நம் ஆசிரியர் வீட்டில் முடிவு இப்படி இருக்கலாம்: ஜாமீன் இல்லை, திரும்பி வராவிட்டாலும் தாங்கக்கூடிய 40,000 ரூபாய் கொடுக்கலாம், முத்ரா போன்ற அரசின் சிறுதொழில் கடன் கிடைக்குமா என்று வங்கியில் விசாரிக்கக் கூடப் போகலாம்.

2. *கேட்டவரிடமே சொல்லுங்கள்.* அம்மாவிடம் ‘மாமாகிட்ட நானே பேசிக்கறேன்மா’ என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். அதே வாரத்தில், முடிந்தால் நேரில். வாட்ஸ்அப்பில் வேண்டாம், அது நான்கு பேருக்கு ஃபார்வர்டு ஆகும்.

3. *அக்காவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.* ‘அக்கா, மாமாகிட்ட நான் இப்படிச் சொல்லப் போறேன். உன்மேல கோவம் வந்தா என்கிட்ட நேராப் பேசச் சொல்லு. நீ பதில் சொல்ல வேண்டாம்.’ அவரைத் தூது வேலையிலிருந்து விடுவிப்பதே நோக்கம்.

4. *காரணம் அடுக்காதீர்கள்.* இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். ‘இப்ப எனக்கே ஒரு லோன் ஓடிட்டிருக்குங்க மாமா’ என்று ஆரம்பித்தால், ‘அது எப்ப முடியுது? மார்ச்லயா? சரி, நானும் மார்ச்லயே எடுத்துக்கறேன்’ என்பார். ‘வீட்ல ஒத்துக்க மாட்டேங்கறாங்க’ என்றால், ‘நான் பாப்பாகிட்ட பேசறேன்’ என்று கிளம்பிவிடுவார். ஒவ்வொரு சாக்கும் அவர் தீர்த்துவைக்கக்கூடிய ஒரு பிரச்சினையாக மாறிவிடுகிறது. தீர்த்துவைத்த பிறகு மறுக்க வழியே இல்லை. அதுவே ‘நான் யாருக்கும் ஜாமீன் போடறதில்லைங்க’ என்பது கொள்கை; அதில் தீர்ப்பதற்கு ஒன்றும் கிடையாது. மாமா நம்பகமானவரா என்ற கேள்வியும் எழாமல் போகிறது. ஒரு நிபந்தனை: அது உண்மையாக இருக்க வேண்டும். போன வருடம் மச்சினனுக்குப் போட்டுவிட்டு இந்த வருடம் மாமாவிடம் இதைச் சொன்னால், பிடிபட்ட அன்றே எல்லாம் முடிந்தது. அப்படிப் போட்டிருந்தால், ‘ஒண்ணு போட்டிருக்கேன், இனி யாருக்கும் போடறதில்லைன்னு முடிவு பண்ணிட்டேன்’ என்று உள்ளதைச் சொல்லிவிடலாம்.

5. *உண்மையை ஒப்புக்கொண்டு, அதே வாக்கியத்துக்குத் திரும்புங்கள்.* ‘உன் படிப்புக்கு நான் பணம் கட்டலையா?’ என்று கேட்டால், ‘கட்டினீங்க மாமா, அதை நான் மறக்கலை. ஜாமீன் மட்டும் போடறதில்லைங்க.’ ‘அவ்வளவு பெரிய மனுஷனாயிட்டியா?’ என்றால், ‘உங்களுக்கு அப்படித் தோணறது எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா கையெழுத்து போட மாட்டேங்க.’ வாக்கியம் மாறக்கூடாது. ஒவ்வொரு தடவையும் புதுசாகச் சொல்ல முயன்றால், புதுசாக ஒரு சாக்கு வந்து விழும்; மறுபடி நான்காவது புள்ளியில் நிற்போம்.

6. *செய்யக்கூடியதைத் தெளிவான அளவோடு சொல்லுங்கள்.* ‘ஏதாவது பண்றேன்’ என்று சொல்லாதீர்கள். ‘நாப்பதாயிரம் தரேன், திருப்பித் தர வேண்டாம், லாரிப் பூஜைக்கு என் பங்கு’ என்று சொல்லுங்கள். கடனாகக் கொடுத்தால் அதுவும் நான்கு வருடச் சண்டையாகும்.

6. மறுத்த பிறகு வரும் நாட்கள்

நேர்படப் பேசினால் எல்லாம் சுமுகமாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். முதலில் நிலைமை மோசமாகும். இதற்கு நடத்தை உளவியலில் ஒரு விளக்கம் இருக்கிறது. இதுவரை பலன் தந்த ஒரு செயல் திடீரென்று பலன் தராமல் போனால், விலங்கானாலும் மனிதரானாலும் அந்தச் செயலை உடனே விடுவதில்லை. கொஞ்ச நாளைக்கு இன்னும் வேகமாகச் செய்து பார்ப்பதைப் பல நேரம் காணலாம். லிஃப்ட் வராவிட்டால் பொத்தானை ஏழெட்டுத் தடவை அமுக்குகிறோமே, அதுதான்.

உறவில் இதன் உருவம் வேறு. அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிட மாட்டார். பெரியப்பா போன் செய்வார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நன்றி மறப்பது பற்றி ஒரு பொன்மொழிப் படம் வரும். அடுத்த விசேஷத்தில் மாமா முகம் கொடுத்துப் பேச மாட்டார்.

இந்தக் கட்டத்தில் இறங்கிப்போய்க் கையெழுத்துப் போட்டால் கடன் பொறுப்போடு இன்னொன்றும் வந்து சேரும். எப்போதாவது, கணிக்க முடியாதபடி பலன் தரும் செயல்தான் மறைய அதிக நாள் எடுக்கும் என்பதை நடத்தை உளவியலாளர்கள் ஸ்கின்னரும் ஃபெர்ஸ்டரும் 1950-களிலேயே விரிவாகக் காட்டினார்கள். மூன்று வாரம் அழுத்தினால் இவன் இறங்கிவருவான் என்று குடும்பம் கற்றுக்கொள்ளும். அடுத்த முறை ஐந்து வாரம் அழுத்தும். அதனால்தான் பேசும் முறையின் முதல் புள்ளியில் தனியாகத் தீர்மானிப்பதை வற்புறுத்தினேன். காப்பாற்ற முடியாது என்று தோன்றும் எல்லையை அறிவிக்காமல் இருப்பதே மேல்.

அதே நேரம், கோபித்துக்கொண்ட மாமாவிடம் நாமும் விலகிப் போகக் கூடாது. மறுத்தது கையெழுத்தை மட்டும் என்பதை நடத்தையில் காட்ட வேண்டும். அக்கா வீட்டு விசேஷத்துக்கு முன்கூட்டியே போய் நிற்பது, தாய்மாமன் சீரைக் குறையில்லாமல் செய்வது, மாமாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குக் கூடவே போவது. சிலர் மறுத்த குற்ற உணர்ச்சியில் அந்த வீட்டுப் பக்கமே போகாமல் இருந்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் மாமா சொல்வதுதான் உண்மை என்று ஊர் முடிவு கட்டும்.

7. இந்த முறை பொருந்தாத இடங்கள்

நேர்படப் பேசுதல், பேசுகிற இருவருக்கும் ஓரளவு சம பலம் இருக்கும் இடத்தில்தான் வேலை செய்யும். ‘இதில் கையெழுத்துப் போடு’ என்று மனைவியை மிரட்டும் கணவனிடம் வாக்கிய அமைப்பு எதையும் சாதிக்காது, அடி கூடலாம். அங்கே தேவை பாதுகாப்பு. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005, அடி உதையோடு சொல்வன்முறையையும் பொருளாதார வன்முறையையும் சேர்த்தே வரையறுக்கிறது. பெண்களுக்கான உதவி எண் 181. உடனடி ஆபத்து என்றால் 112. மனம் தாங்காத நிலையில் பேச, டெலி மானஸ் 14416.

அலுவலகமும் அப்படித்தான். பணியாளர் கூட்டுறவு நாணயச் சங்கக் கடனுக்கு மேலதிகாரியே ஜாமீன் கேட்டால், கீழே இருப்பவர் ‘போடுவதில்லை’ என்று சொல்வதன் விலை அடுத்த இடமாறுதலில் தெரியலாம். அந்த இடத்தில் ஒரு சாக்குச் சொல்லித் தப்பிப்பவரைக் கோழை என்று நான் சொல்ல மாட்டேன்.

8. ஏற்கனவே போட்டுவிட்டவர்களுக்கு

1. ஜாமீன் பத்திரத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். உச்சவரம்பு ஏதும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். சிபில் அறிக்கையை எடுத்து, கடன் எந்த நிலையில் இருக்கிறது என்று சரிபாருங்கள்.

2. ‘ஜாமீனைத் திரும்பப் பெறுகிறேன்’ என்று கடிதம் எழுதினால் போதும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. பிரிவு 130, தொடர் ஜாமீனை (அடுத்தடுத்து வரும் பல பரிவர்த்தனைகளுக்குச் சேர்த்துத் தரும் ஜாமீனை) இனி வரும் பரிவர்த்தனைகளுக்கு மட்டுமே ரத்து செய்ய விடுகிறது. கொடுத்து முடித்த தவணைக் கடனுக்கு அது உதவாது. கடன் கொடுத்த நிறுவனம் சம்மதித்து, வேறு ஜாமீன்தாரரையோ வேறு பிணையையோ ஏற்றுக்கொண்டால்தான் விடுதலை.

3. முக்கிய விவரங்களை மறைத்தோ பொய்யாகச் சொல்லியோ, கடன் கொடுத்தவரே கையெழுத்து வாங்கியிருந்தால், அல்லது அவருக்குத் தெரிந்து அது நடந்திருந்தால், பிரிவு 142, 143 துணைக்கு வரலாம். நம்மிடம் சொல்லாமல் கடன் நிபந்தனைகளை மாற்றியிருந்தால் பிரிவு 133. ஆனால் அச்சடித்த பத்திரங்களில் இந்தப் பாதுகாப்பை விட்டுக்கொடுப்பதாகப் பொடி எழுத்தில் ஒரு வரி இருப்பது வழக்கம். வழக்கறிஞரிடம் காட்டுங்கள், வசதியில்லை என்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 15100 எண்ணை அழையுங்கள்.

4. மாமாவுக்காக நாம் கட்டினால், கட்டியதை அவரிடமிருந்து வசூலிக்கும் உரிமையைப் பிரிவு 145 தருகிறது. பிரிவு 140, கடன் கொடுத்தவருக்கு மாமா மீது இருந்த உரிமைகளை நமக்கு மாற்றித் தருகிறது. அதனால் ரொக்கமாக மாமா கையில் கொடுத்து ‘நீங்களே கட்டிடுங்க’ என்று சொல்லாமல், கடன் கணக்கில் நம் வங்கிக் கணக்கிலிருந்தே கட்டி ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும்.

5. மாமாவிடம் பேச வேண்டியதையும் தள்ளிப்போடக் கூடாது. முதல் தவணை தவறிய மாதமே, அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து: ‘மாமா, அஞ்சாம் தேதி தவணை போகலைன்னு எனக்கு மெசேஜ் வந்துச்சுங்க. இனி ஒவ்வொரு மாசமும் கட்டினதும் ரசீதை எனக்கு ஒரு போட்டோ அனுப்பிடுங்க. ரெண்டு மாசம் சேர்ந்தாப்ல நின்னா, வண்டியை வித்துக் கணக்கை முடிக்கறதைப் பத்தி நாம உக்காந்து பேசணும்.’